கூடைப்பந்தின் இளமைக் காலம்



கூடைப்பந்தைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான் விளையாட்டு வீரன் அல்லேன். தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் கணக்கு ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் கையிலிருந்து புறப்படும் பந்து எந்தத் திசையில் செல்லும் என்று எனக்கே தெரியாது. ஆயினும் இவ்வாட்டத்துக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். அதைச் சொல்லுமுன் ஆட்டம் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பிறப்பித்தவரும் ஓர் ஆசிரியரே.

1891 ஆம் ஆண்டின் இறுதி. அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பதினெட்டுப் பேர் கொண்ட ஒரு வகுப்பு இருந்தது. மாணவர் எனினும் அவர்கள் வளர்ந்த ஆடவர். வெளியே உறைபனி, உள்ளே தினந்தோறும் கைகால் அசைக்கும் பயிற்சி. சலித்துப் போன அவர்களைக் கட்டி மேய்க்க இயலாமல் முன்னிருந்த ஆசிரியர்கள் கைவிட்டனர். துறைத் தலைவர் லூதர் குலிக் அவ்வகுப்பை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் முப்பது வயதுக் கனடா நாட்டவரிடம் ஒப்படைத்து, கூடத்துக்குள் ஆடத்தக்க புதியதோர் ஆட்டத்தைப் பதினான்கு நாளில் கண்டுபிடிக்கும்படி பணித்தார்.

நெய்ஸ்மித் முதலில் வெளியே ஆடும் ஆட்டங்களைக் கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார். அடியும் காயமுமே மிஞ்சின. பின்னர் அவர் செய்த சிந்தனைதான் எனக்கு மிகவும் உவப்பானது. அது வடிவியல் தேற்றத்தை நிறுவுவது போன்றது. ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளுவது எதனால்? பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதனால். பந்தோடு ஓடலாகாது என்று விதித்துவிட்டால் பிடித்துத் தள்ள வேண்டிய தேவையே இல்லை. பந்தை மூர்க்கமாக எறிவது எதனால்? இலக்கு நேரெதிரே நிற்பதனால். இலக்கைத் தலைக்கு மேலே உயர்த்தி, வாய் வானத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டால் வலிமை பயன்படாது. வளைத்து மெல்ல எறிபவனே வெல்வான். இளமையில் ஊரில், பாறைமேல் வைத்த கல்லைக் கல்லெறிந்து வீழ்த்தும் ஓர் ஆட்டம் அவர் ஆடியதுண்டு. நம் ஏழுகல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். அதிலும் வளைத்து எறிந்தவனுக்கே வெற்றி. அந்த நினைவு அவருக்கு உதவிற்று.

இலக்காக மாட்ட இரண்டு பெட்டிகள் தருமாறு பள்ளிக் காவலாளியைக் கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடைகள் இரண்டு இருந்தன. அவற்றைக் கூடத்தின் மேல்மாடி விளிம்பில் ஆணி அடித்து மாட்டினர். அவ்விளிம்பு தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகெங்கும் வளையம் பத்தடி உயரத்தில் நிற்பதற்கு வேறு காரணம் இல்லை! பதின்மூன்று விதிகளை எழுதிப் பலகையில் ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். அன்றைய ஆட்டம் முழுவதிலும் கூடையில் விழுந்தது ஒரே ஒரு பந்து. கூடைக்கு அடியில் ஓட்டை இல்லை. பந்தை எடுக்க ஏணி தேவைப்பட்டது.

ஆட்டம் கல்லூரிகளுக்குப் பரவ அதிக நாள் ஆகவில்லை. 1896 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகமும் அயோவா பல்கலைக்கழகமும் பக்கத்துக்கு ஐவராக மோதின. சிகாகோ 15க்கு 12 என்று வென்றது. நெய்ஸ்மித்தோ இதற்கிடையில் மருத்துவப் பட்டமும் பெற்று, 1898 இல் லாரன்ஸ் நகரத்துக் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கு உடற்பயிற்சி ஆசிரியராகவும் வழிபாட்டுக் கூடப் பொறுப்பாளராகவும் சென்று சேர்ந்தார். அங்கே அவர் அமைத்த அணியின் முதற்பருவத்தைத்தான் நான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

1899 பிப்ரவரி 3 அன்று அவ்வணி தன் முதல் ஆட்டத்தைக் கான்சஸ் சிட்டி ஒய்.எம்.சி.ஏ. அணியோடு ஆடி, 16க்கு 5 என்று தோற்றது. ஆட்டத்தைப் படைத்தவரே பயிற்றுவித்த அணிக்கு ஐந்தே புள்ளி! அக்காலத்தில் எண்ணிக்கை குறைவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்த பின்னும் நடுவிடத்துக்குத் திரும்பி வந்து, இருவர் எம்பிக் குதித்துப் பந்தைத் தட்டி, ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இம்முறை 1937 வரை இருந்தது. அப்பருவத்தில் கான்சஸ் அணி ஆடியவை பதினோர் ஆட்டங்கள். வென்றவை ஏழு, தோற்றவை நான்கு. முதலாண்டுக்கு அது குறைவன்று. ஆனால் ஒன்பது பருவங்களையும் கூட்டிப் பார்த்தால் நெய்ஸ்மித்துக்கு வெற்றி 55, தோல்வி 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. இதைச் சிலர் வேடிக்கையாகச் சொல்வர். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அடங்காத பதினெட்டுப் பேரை வகுப்பில் இருத்தி வைக்க ஆட்டம் கண்டவர் அவர். புள்ளிக் கணக்கு அவருக்குப் பிற்பாடுதான்.

அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920 இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1924 இல் பாரிசு ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய அணியோடு சென்றவரும் அவரே. நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த டிரில் மாஸ்டர்களுள் எத்தனையோ பேர் அக்கல்லூரியில் உருவானவர்கள். நான் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஆண்டில், மாலை வேளைகளில் நந்தனம் வரை நடந்து சென்று அம்மாணவர்கள் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன்.

பென்னாகரத்துக்கு அப்பால் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு நந்தனத்தில் பயின்ற ஓர் உடற்கல்வி ஆசிரியர் வந்து சேர்ந்தார். கொல்லரிடம் கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்வித்தார். மாணவர்களே குழி தோண்டிக் கம்பம் நட்டனர். ஒரு வளையந்தான். தரையோ சரளைக்கல். பந்தைத் தட்டினால் அது எழும்பாது. எழும்பினால் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லைக்குள் ஓடிவிடும். ஆகவே பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் வழக்கத்தையே விட்டுவிட்டு, கைக்குக் கை வீசியே ஆடினர். முதல் விதிகளின்படி ஸ்பிரிங்பீல்டில் ஆடிய ஆட்டமும் அதுதான் என்பதை அப்போது நான் அறியேன்.

ஓராண்டு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்தது. அடுத்த ஆண்டு அவ்வகுப்பின் விளையாட்டுப் பாடவேளை இரண்டையும் நான் கணக்குக்கு எடுத்துக்கொண்டேன். உடற்கல்வி ஆசிரியர் என்னிடம் வந்து, "ஐயா, அந்தப் பாடவேளைக்காகவே பள்ளிக்கு வருகிற பையன்கள் சிலர் இருக்கிறார்கள்" என்றார். "தேர்வுக்காக வரட்டுமே" என்று விடை சொன்னேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தேன். செவ்வாயும் வெள்ளியும் ஆறேழு பேர் குறைந்திருந்தனர். அவர்களுள் நெடிய பையன் ஒருவன் தீபாவளிக்குப் பின் வரவே இல்லை. வீட்டைத் தேடிச் சென்றேன். "அவன் சித்தப்பாகூடப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டானுங்க சார்" என்றார் தாயார். என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அந்த மோரைக் குடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஜனவரியில் அப்பாடவேளைகளைத் திருப்பிக் கொடுத்தேன். சிலர் திரும்பி வந்தனர், அவன் வரவில்லை.

ஓய்வு பெற்ற பின், தருமபுரிப் பேருந்து நிலையத்தில் ஒருவர் வந்து வணங்கினார். உயரத்தைக் கொண்டே அடையாளம் கண்டேன். பெங்களூரில் கம்பி கட்டும் மேஸ்திரியாக இருப்பதாகவும் மகள் ஏழாம் வகுப்புப் படிப்பதாகவும் சொன்னார். நான் வருத்தம் தெரிவிக்கச் சொல் தேடிக்கொண்டிருந்தேன். அவரோ, "அந்த வளையம் இன்னும் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அது பத்தடி இல்லைங்க சார், ஒன்பதரைதான். குழி தோண்டினது நான். அரையடி கூடுதலாத் தோண்டிட்டேன், யார்கிட்டயும் சொல்லலை" என்று சிரித்தார்.

அவருடைய வண்டி புறப்பட்டுவிட்டது. அடுத்த வாரம் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு நான் அப்பள்ளிக்குச் சென்றேன். ஒன்பதரை அடிதான்.