மூன்று டிஸ்க் மட்டும்

(ரொறன்ரோ ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடிய நான், இங்கே வந்து பழகியது டிஸ்க் கோல்ப். கோலும் இல்லை, பந்தும் இல்லை. சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் எத்தனை எறியில் தட்டைப் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. அந்தக் கூடையை 1970களில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவர் உருவாக்கினார்.

சீற்றன் பூங்காவில் ஞாயிறு தவறாமல் எறிந்தேன். பிறகு வலது தோள்மூட்டு இறுகிவிட்டது. தலைவாரக்கூடக் கை உயரவில்லை. இருபத்திரண்டு டிஸ்க்கும் நாலு வருடம் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. கை சரிவந்த பிறகும் நான் போகவில்லை. பழைய தூரம் வராதே என்ற வெட்கம்.

போன வருடம் ஒரு சிறு போட்டி. வழக்கமாக எத்தனை டிஸ்க்கும் கொண்டுபோகலாம்; அன்று ஆளுக்கு மூன்றுதான். தூரத்துக்கு டிரைவர், இடைத்தூரத்துக்கு மிட்ரேஞ், கூடைக்குக் கிட்டே பட்டர். அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு இன்னும் பாண்தான் ஞாபகம் வரும்.

வலக்கைக்காரி புறங்கையாக எறிந்தால் டிஸ்க் கடைசியில் இடப்பக்கம் இறங்கும். வலப்பக்கம் வளைய வேண்டுமென்றால் முன்பு வேறு டிஸ்க் எடுப்பேன். அன்று அது வீட்டில். மிட்ரேஞ்சையே வெளிவிளிம்பை உயர்த்திச் சாய்த்து எறிந்தேன். எட்டாம் கூடையில் மரத்தில் அடித்தது. பதின்மூன்றாம் கூடையில் அழகாக வளைந்தது. தோள் நோகவில்லை.

கடைசிக்கு முந்திய இடம் எனக்கு. அடுத்த ஞாயிறும் போனேன், அதே மூன்றோடு. மிச்சப் பத்தொன்பதும் கட்டிலுக்குக் கீழேதான். வேண்டியவர்கள் தேத்தண்ணி நேரத்தில் என்னிடம் கேளுங்கள்.