பாப்பம்மாள் பாட்டியும் பெண்கள் கைச் சொத்தும்
(செம்மேட்டில் பேசியதின் சாரம்)

 

காலஞ்சென்ற தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் அவர்களைப் பற்றிப் பேசும்படி இவ்வூர்த் தோழர்கள் என்னை அழைத்தார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து அம்மையாருக்கும் கொல்லிமலைக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து, வெள்ளாமை தவறினாலும் விதையைத் தவறவிடாமல் காப்பாற்றி வரும் பாட்டிகள் இந்த மலையில் இருக்கிறார்கள். அதுதான் உறவு.

அந்த அம்மையார் 1914-ல் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. 2021-ல் சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தபோதும் அவர் தோட்டத்தில் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். 2024 செப்டம்பர் 27-ந் தேதி காலமானார். இவ்வளவு காலம் வாழ்ந்தது கடவுள் கிருபை என்கிறார்கள். அப்படியானால், அவருடைய தாய் தகப்பனை அவருடைய சிறு வயதிலேயே கொண்டுபோனது யாருடைய கிருபை? அநாதையான குழந்தைகளை வளர்த்தது தகப்பனைப் பெற்ற பாட்டிதானே தவிர, எந்தச் சாமியும் அல்ல.

அந்தப் பாட்டி தன் பேத்திக்கு நகையை விட்டுப் போகவில்லை. ஒரு மளிகைக் கடையை விட்டுப் போனார். அந்தக் கடையை நடத்தி, கூடவே ஒரு சாப்பாட்டுக் கடையும் வைத்து, மிச்சம் பிடித்த பணத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார் பாப்பம்மாள். பிற்காலத்தில் இரண்டரை ஏக்கரே மிஞ்சியது. அதில் வாழையும் மற்றதும் இயற்கை உரத்திலேயே பயிரிட்டார். கோவை விவசாயப் பல்கலைக்கழக விவாதக் குழுவில் சேர்ந்து, படித்தவர்களோடு சரிக்குச் சரியாய்ப் பேசினார். காரமடைப் பஞ்சாயத்து யூனியனில் மெம்பராகவும் இருந்தார். தி.மு.க. அவருக்கு 2024-ல் பெரியார் விருது கொடுத்தது.

இன்னொன்று. அவர் பிள்ளை பெறவில்லை. நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் இப்படிப்பட்டவளை மலடி என்று கலியாண வீட்டில் ஒதுக்கி நிறுத்துவார்கள். அவரோ சகோதரியின் பிள்ளைகளை வளர்த்து ஊருக்கே பாட்டியானார்.

இவ்வளவுக்கும் ஆதாரம் எது? கையில் இருந்த கடையும், தன் பேரில் இருந்த நிலமுமல்லவா? பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்தபோது பலர் சிரித்தார்கள். 60 வருஷம் கழித்து 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது.

ஆனால் தாய்மார்களே, அந்தச் சட்டம் மலையேறி உங்களிடம் வந்ததா? 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தின் 2-வது பிரிவிலேயே, மத்திய சர்க்கார் அறிவித்தாலொழிய பழங்குடிகளுக்கு இது செல்லாது என்று எழுதியிருக்கிறது. மலையாளிகளாகிய நீங்கள் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள். உங்கள் வழக்கத்தைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்தோம் என்பார்கள். வழக்கத்தைக் காப்பாற்றுவது சரி. ஆனால் களை எடுத்து, விதை காத்த பெண்ணை யார் காப்பாற்றுவது? இதை மாற்ற யோசிக்கும்படி 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே மத்திய சர்க்காருக்குச் சொல்லிற்று.

ஆகையால் பாப்பம்மாள் படத்துக்கு மாலை போட்டுக் கர்ப்பூரம் காட்ட வேண்டாம். அடுத்த கிராம சபையில், இந்த நாட்டில் எத்தனை பட்டா பெண்கள் பேரில் இருக்கிறதென்று எழுந்து கேளுங்கள். பதில் சொல்லும் வரையில் உட்காராதீர்கள். அதற்கு மனு எழுதித்தர இங்கு தோழர்கள் காகிதத்தோடு காத்திருக்கிறார்கள்.