உண்டியலும் உரிமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ‘இயக்கமும் நிதியும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். விழா மேடையில் பணத்தைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு உவப்பாய் இராது. கொள்கை உயர்ந்தது, பணம் தாழ்ந்தது என்று கருதுவோர் நம்மிடையே உளர். ஆயினும், ஓர் இயக்கம் எதனை விரும்புகிறது என்பதை அதன் மேடை சொல்லும். அது எவர்க்குக் கட்டுப்பட்டது என்பதை அதன் வரவுப் புத்தகமே சொல்லும்.

அரசுப் பணியில் இருப்போர் எக்கட்சிக்கும் நிதி திரட்டலாகாது என்பது நடத்தை விதி. எனவே, இவ்வுரை எக்கட்சியையும் சார்ந்ததன்று. எளிய மக்கள் தம் உரிமைக்காகத் திரண்டபோது அதற்குரிய செலவை எவர் சுமந்தனர், எவ்வாறு சுமந்தனர் என்னும் வரலாற்றினை நினைவூட்டுவதே நம் நோக்கம்.

முதற்கண் நாம் நன்கறிந்த மகாடு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோர்க்கும் உரியன என்று 1923-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் 1924-இல் சவதார் குளத்தை எல்லார்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் இயற்றியது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. தண்ணீர் நம் மக்கள் கைக்கு எட்டவில்லை. 1927 மார்ச் 19, 20 ஆகிய நாள்களில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அங்கு மாநாடு கூடியபோது, வந்திருந்தோர் குடிப்பதற்காக 40 ரூபாய்க்குத் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. குளம் நிறைய நீர் இருந்தும், அதனைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மறுநாள் அக்குளத்தை நோக்கி நடந்தனர். அக்குளம்பற்றித் தொடுக்கப்பட்ட வழக்கு 1937 மார்ச் 17-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிவுற்றது. ஒரு கை நீரை அள்ளிக் குடிக்கப் பத்தாண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. பத்தாண்டுகள் ஓர் இயக்கம் நிற்பதற்கு உணர்ச்சி மட்டும் போதுமா என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதே கேள்விக்கு விடை தரும் மற்றொரு வரலாறு கடல் கடந்த நாட்டில் உண்டு. அதற்கும் நமக்கும் உறவில்லை என்று எண்ண வேண்டா. 1959-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில், தீண்டப்படாதோராய் ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளியொன்றுக்குச் சென்றார். அப்பள்ளித் தலைமையாசிரியர் அவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துகையில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர் என்றே குறிப்பிட்டாராம். முதலில் திகைத்த கிங், பின்னர்த் தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து அது உண்மையே என்று ஏற்றுக்கொண்டார். இதனை அவரே 1965-இல் ஆற்றிய உரையில் கூறியுள்ளார். ஆகவே, அவர் மக்களின் கதை நம் கதைக்கு அயலானதன்று.

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி என்னும் நகரம் உள்ளது. அந்நகரப் பேருந்துகளில் முன்னிருக்கைகள் வெள்ளையர்க்கே உரியவை. கறுப்பின மக்கள் முன்வாயிலில் கட்டணம் செலுத்திவிட்டு, இறங்கிச் சென்று பின்வாயில் வழியே ஏற வேண்டும். பலமுறை அவர்கள் பின்வாயிலை அடைவதற்குள் பேருந்து புறப்பட்டுவிடும். காசும் போயிற்று, பயணமும் போயிற்று! இத்தனைக்கும் அப்பேருந்துகளில் ஏறுவோரில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்களே.

1955 டிசம்பர் 1 அன்று தையல் தொழிலாளியான ரோசா பார்க்ஸ் அம்மையார் தம் இருக்கையிலிருந்து எழ மறுத்துக் கைதானார். அதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச் மாதத்தில், கிளாடெட் கால்வின் என்னும் 15 வயது மாணவி அவ்வாறே கைதாகியிருந்தார். பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை, தம் மாணவர் இருவரின் துணையுடன் விடிய விடிய ஆயிரமாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். டிசம்பர் 5 அன்று பேருந்துகள் வெறுமையாய் ஓடின. அன்று நீதிமன்றம் பார்க்ஸ் அம்மையாருக்கு விதித்த தொகை, வழக்குச் செலவும் சேர்த்து, 14 டாலர். அன்று மாலையே மக்கள் ஒரு சங்கம் அமைத்து, 26 வயதே நிரம்பிய கிங்கைத் தலைவராகத் தேர்ந்தனர்.

ஒரு நாள் புறக்கணிப்புக்குப் பணம் வேண்டா. மன உறுதி போதும். ஆனால், அப்புறக்கணிப்பு 381 நாள்கள் நீடித்தது. வீட்டுவேலை செய்யும் பெண்களும் கூலித் தொழிலாளர்களும் நாள்தோறும் வேலைக்குச் சென்றாக வேண்டும். முதலில் கறுப்பின வாடகைக் காரோட்டிகள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றிச் சென்றனர். குறைந்த அளவு 45 சென்ட் வாங்கியே ஆக வேண்டும் என்று நகர நிர்வாகம் விதியைக் காட்டி அதனைத் தடுத்தது. உடனே மக்கள் தம் சொந்தக் கார்களைக் கொணர்ந்தனர். ஏறத்தாழ 300 கார்கள் முறைவைத்து ஓடின. திருச்சபைகள் தம் பெயரில் பெரிய கார்களை வாங்கி விட்டன. எரிபொருள், பழுதுபார்ப்பு, காப்பீடு, வழக்குச் செலவு என ஒவ்வொன்றுக்கும் பணம் தேவைப்பட்டது. உள்நாட்டில் காப்பீடு மறுக்கப்பட்டபோது லண்டனில் காப்பீடு பெற்றனர்.

இப்பணம் எங்கிருந்து வந்தது? இங்குதான் ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரப் பெண்மணியை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அவரும் தோழியரும் தமக்குள் 14 டாலர் திரட்டினர். பார்க்ஸ் அம்மையார் கட்டவேண்டிய தொகை எவ்வளவோ, இவர்களுடைய முதலும் அவ்வளவே! கோழியும் ரொட்டியும் கீரையும் வாங்கி, உணவுப் பொட்டலம் கட்டிக் கூட்டத்தில் விற்றனர். பின்னர் முடிதிருத்தும் நிலையங்களிலும் சலவையகங்களிலும் வீடுவீடாகவும் பணியாரம் விற்றுப் பொருள் சேர்த்தனர். அவர்கள் தம் குழுவுக்கு இட்ட பெயர் வியப்புக்குரியது. தமிழில் சொன்னால் ‘ஊர்பேரில்லாக் கழகம்’ எனலாம். வாங்குவோரும் கொடுப்போரும் வெள்ளையர் வீடுகளிலும் கடைகளிலும் வேலை செய்து பிழைப்பவர். பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று மெய்யாகவே சொல்லலாம் அல்லவா? 

அவ்வச்சம் வெறும் அச்சமன்று. கிங்கின் மீதான வழக்கில் 1956 மார்ச்சில் கில்மோர் சாட்சி சொன்னார். தம் காசை வாங்கிக்கொண்டு தம்மை விட்டுச் சென்ற பேருந்தைப் பற்றி நீதிமன்றத்தில் துணிந்து உரைத்தார். அவர் வேலை பறிபோயிற்று. அவரோ தம் வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். அவ்வடுப்பு அவர்க்கும் சோறிட்டது, இயக்கத்துக்கும் சோறிட்டது.

இளைஞர்கள் இங்கு ஒன்றை உன்னிப்பாய்க் கவனித்தல் வேண்டும். திங்கள், வியாழன் என வாரம் இருமுறை மக்கள் கூட்டம் நடைபெறும். அக்கூட்டத்தில் கில்மோர் எழுந்து, தம் கழகம் அவ்வாரம் கொணர்ந்த தொகையை அனைவர் முன்னும் அறிவிப்பார். மக்கள் ஆரவாரம் செய்வர். நகரின் மற்றொரு பகுதிப் பெண்கள் தாமும் ஒரு கழகம் தொடங்கி, யார் மிகுதியாய்த் திரட்டுவது என்று போட்டியிட்டனர். கொடுத்தவர் பெயரை மறைத்தனர். கொடுத்த தொகையை மறைக்கவில்லை. எளியோரைக் காப்பதற்கு அம்மறைவு. பொதுப்பணத்தைக் காப்பதற்கு அவ்வெளிச்சம். இவ்விரண்டையும் மாற்றிச் செய்யும் சங்கங்களும் உண்டு. கொடையாளி பெயரைக் கல்லில் பொறிப்பர். கணக்கை மட்டும் பெட்டியில் பூட்டுவர்!

அப்போராட்டத்திற்கும் கணக்கால் வந்த சோதனை உண்டு. 1956 ஜூன் மாதத்தில் அச்சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவரே, தலைவர்கள் நிதியைத் தவறாய்ப் பயன்படுத்துகின்றனர் என்று வெளிப்படையாய்க் குற்றஞ்சாட்டினார். வெளியூர் சென்றிருந்த கிங் விரைந்து திரும்பினார். மக்கள் கூட்டத்திலேயே அவர் தம் சொல்லைத் திரும்பப் பெற்று மன்னிப்பு வேண்டினார். கிங்கும் அவரை மன்னிக்குமாறு மக்களை வேண்டினார். குண்டு வீச்சுக்குக் கலையாத இயக்கத்தை ஒரு சொல் கலைத்திருக்கக்கூடும். கிங்கின் வீட்டில் அவ்வாண்டு ஜனவரி 30 அன்று குண்டு வெடித்தபோது மக்கள் முன்னிலும் நெருங்கி நின்றனர். ‘பணத்தைத் தின்றுவிட்டனர்’ என்னும் சொல் பரவியிருப்பின் ஒருவரையொருவர் ஐயுற்றுப் பிரிந்திருப்பர்.

அரசும் பின்னாளில் இவ்வழியையே நாடியது. கிங் வருமான வரிக் கணக்கில் பொய்யுரைத்தார் என்று 1960-இல் அலபாமா மாநிலம் குற்றவழக்குத் தொடுத்தது. இயக்கத்துக்கு வந்த நன்கொடையை அவர் தமதாக்கிக்கொண்டார் என்பதே உட்கிடை. கிங் தம் நாட்குறிப்பில் செலவுகளை எழுதி வைத்திருந்தார். அக்குறிப்புகள் வழக்கறிஞர்களுக்குப் பெரிதும் துணைசெய்தன. முற்றிலும் வெள்ளையரைக் கொண்ட நடுவர் குழுவே 1960 மே 28 அன்று அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. எழுதி வைத்த கணக்கு பகைவர் மன்றத்திலும் சாட்சி சொல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1956 நவம்பர் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேருந்துப் பாகுபாடு செல்லாது என உறுதிசெய்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் நால்வரும் பெண்கள். அவர்களுள் மாணவி கிளாடெட் கால்வினும் ஒருவர். அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் கார்ப் போக்குவரத்தைத் தடைசெய்தது. தீர்ப்பின் ஆணை வந்து சேர டிசம்பர் 20 ஆயிற்று. அதுவரை மக்கள் கால்நடையாகவே சென்றனர். மறுநாள் முன்வாயில் வழியே ஏறி, விரும்பிய இருக்கையில் அமர்ந்தனர்.

வெளியிலிருந்து எவரும் உதவவில்லை என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் நன்கொடைகள் வந்தன. ஆனால், அவை நடக்கத் தொடங்கிவிட்ட மக்களைத் தேடி வந்தவை. உள்ளூர் உண்டியல் முதலில் நிறைந்தது. வெளியூர்ப் பணம் பின்னர் வந்தது. அதனால் ‘போதும், நிறுத்துங்கள்’ என்று கட்டளையிடும் உரிமை எந்தக் கொடையாளிக்கும் கிட்டவில்லை.

இனி, நம் சங்கத்துக்கு வருவோம். நம் தாய்மார்கள் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்த பிடியரிசிப் பழக்கம் நமக்குப் புதிதன்று. அப்பிடியரிசியில்தான் நம் மாலை வகுப்புகளின் முதல் விளக்கு எரிந்தது. இன்று நம் பிள்ளைகள் பலர் அரசுப் பணியிலும் தனியார் நிறுவனங்களிலும் உள்ளனர். கைபேசியில் ஒரு நொடியில் பணம் அனுப்ப வசதியும் உண்டு. ஆயினும், மாதச் சந்தா செலுத்துவோர் தொகை கூடவில்லை என்பதே செயற்குழுவின் கவலை. இந்நிலையில், சங்கத்துக்கு மண்டபம் கட்டித் தருவதாகச் செல்வர் ஒருவர் முன்வந்திருப்பதும், அதற்கு ஈடாகச் சங்கத்தின் பெயர்ப் பலகையில் தம் பெயரை அவர் விரும்புவதும் உறுப்பினர் பலரும் அறிந்ததே.

அக்கொடையை ஏற்பதா மறுப்பதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். நம் கருத்து இதுவே: கட்டடம் எவர் பணத்திலேனும் எழலாம், நிபந்தனையின்றி எழவேண்டும். அன்றாடச் செலவாகிய விளக்கும், வாடகையும், ஏழை மாணவியின் தேர்வுக் கட்டணமும் நம் சந்தாவிலேயே நடைபெறவேண்டும். நாளை ஒரு பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டால், உதவித்தொகை தவறினால், நாம் அலுவலக வாயிலில் சென்று நிற்க வேண்டியவர்கள். அன்று எவரிடமும் இசைவு கேளாமல் புறப்படும் உரிமை நமக்கு இருத்தல் வேண்டும். பிறர் பணத்தில் நாள்தோறும் உண்ணும் சங்கம் அவ்வாறு புறப்பட இயலாது.

ஆகவே, இளைஞர்களே! மூன்று பணிகளை உங்களிடம் ஒப்படைக்கிறோம். சிறு தொகையாயினும் மாதந்தோறும் தவறாது செலுத்துங்கள். ஒருமுறை தரும் ஆயிரத்தினும் மாதந்தோறும் வரும் ஐம்பது சங்கத்தை உயிர்ப்போடு வைக்கும். வாங்கும் ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். அது தாயொருத்தி தந்த பத்து ரூபாயாயினும் விலக்கில்லை. மூன்று திங்களுக்கு ஒருமுறை வரவு செலவைக் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதோரும் கேட்டுக் கேள்வி எழுப்பட்டும். கேள்வி கேட்பவரைப் பகைவராய் எண்ணாதீர்கள். விடை சொல்ல ஏடு இருக்குமாயின் கேள்விக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

இக்கூட்டம் முடிந்தபின் பொருளாளர் வாயிலருகே சந்தாப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பார். கைதட்டலைக் காட்டிலும் அப்புத்தகத்தில் நீங்கள் இடும் கையொப்பமே இவ்வுரைக்குச் சிறப்புச் செய்வதாகும்.