சேர்ந்திசைக்குச் செவியே முதல்
(ஷாதிபூர்த் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இருப்புப்பாதையே இல்லாத இத்தீவில், இருப்புப்பாதைக் குமாஸ்தாவாகிய நமக்கு இசையைப் பற்றிப் பேசும் பணி வாய்த்திருக்கிறது. நாம் இசைவாணர் அல்லோம். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தியவர். எனினும் குழுவில் நின்று பாடிப் பழகிய அளவில் சில சொல்லத் துணிகிறோம்.

சேர்ந்து பாடுவோர்க்கு முதலில் வேண்டுவது குரலன்று, செவி. பாடும்போது பக்கத்தில் நிற்பவர் குரல் நம் காதில் விழவில்லையாயின், நாம் அளவு கடந்து உரக்கப் பாடுகிறோம் என்பதே பொருள்.

சுருதியை எடுத்துக்கொள்வோம். ஸட்ஜத்திற்கும் பஞ்சமத்திற்கும் உள்ள அதிர்வு விகிதம் 2:3. மேல் ஸட்ஜத்திற்கு 1:2. இது மனிதர் வகுத்த சட்டமன்று, இயற்கையின் அமைதி. இவ்வேழு சுரங்களையே நம் முன்னோர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ இப்பழந்தமிழ் இசை மரபை விரிவாக ஆராய்கிறது. இருவர் குரல் சுருதியில் சிறிதே விலகினும் இடையில் ஓர் அலைவு கேட்கும். நெருங்க நெருங்க அது தணிந்து மறையும். ஆதலின் பயிற்சியின் முதல் ஐந்து நிமிடம் பாட்டு வேண்டா. வாய்மூடிச் சுருதியோடு இசைந்து, அலைவு மறையும்வரை கேட்டு நிற்போம்.

ஆடவர் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும், பெண்டிர் 5 கட்டையை ஒட்டியும் பாடுவர். ஆர்மோனியக்காரர் வசதிக்காகச் சுருதி வைத்தல் தகாது. பாட்டின் உச்ச சுரத்தையும் தாழ்ந்த சுரத்தையும் முன்னரே பாடிப் பார்த்து, மெலிந்த குரலும் வருந்தாமல் எட்டும் இடத்தில் சுருதியை நிறுத்துக.

அடுத்தது மூச்சு. தோள் உயர வாங்கும் மூச்சு விரைவில் தீரும். விலாவின் கீழ்ப்புறமும் வயிறும் விரிய வாங்கி, சிக்கனமாகச் செலவிடுதல் வேண்டும். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கு ‘ஸ்’ என்று ஒரே சீராக மூச்சை விடுக. கைவந்தபின் 16 ஆக்குக. நீண்ட அடிகளில் அனைவரும் ஒருங்கே மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துபோம். அடுத்தவர் வாங்காத இடத்தில் நாம் வாங்குதல் முறை. இதற்கும் செவியே துணை.

சொல்லைப் பாடுகையில் ஒலியைத் தாங்குவது உயிரெழுத்து. நெடிலில் வாயை நன்கு திறந்து நிற்க. மெய்யை அனைவரும் ஒரே கணத்தில் ஒலிக்க.

பாட்டைக் கடந்த பொருளொன்றும் இதில் உண்டு. நம் பிள்ளைகளுக்குக் கடைத்தெருவிலும் விளையாட்டிலும் இந்தியே பொதுமொழி. நாநுனியை மேல்நோக்கி வளைத்து, அண்ணத்தை அழுத்தாமல் ழகரம் சொல்லப் பழகும் இடம் அவர்களுட் பலருக்கு இக்குழுவே. அவருள் ஆண்பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். “குரல் கெட்டது, போ” என்று அனுப்பிவிடுகிறோம். போனவன் மீள்வதில்லை, பாட்டோடு தமிழும் அவனை விட்டு நீங்குகிறது. குரல் உடைதல் நோயன்று, குரல்வளை வளர்வதன் விளைவு. அவனைத் தாழ்ந்த நான்கைந்து சுரங்களுக்குள் மெல்லப் பாடவிடுக, உரக்கப் பாடவேண்டா. பாட இயலாத நாளில் தாளம் போடட்டும்; கேட்டு நிற்கட்டும்.

பல வகைக் குரலுக்கும் இடமளிப்பதே சேர்ந்திசை என்று காட்டியவர் எம். பி. சீனிவாசன். 1970-களில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வளர்த்து, பாரதியார் பாடல்களைப் பல குரல் அடுக்குகளில் ஒலிக்கச் செய்தார். நம்மைப்போல் கடல் சூழ்ந்த லட்சத்தீவில்தான் 1988-இல் அவர் மறைந்தார். அவர் வழியில் நாமும் எளிதாகத் தொடங்கலாம். ஒரு பிரிவு ஸட்ஜம், ஒரு பிரிவு அந்தர காந்தாரம், ஒரு பிரிவு பஞ்சமம் பிடிக்கட்டும். 4:5:6 என்ற அவ்விகிதம் கூடும்போது எழும் நிறைவு, மூவருள் எவரேனும் ஒருவர் உரக்கப் பாடினும் குலையும்.

ஆகவே குரல் நன்றாயில்லை என்று எவரும் ஒதுங்கற்க, எவரையும் ஒதுக்கற்க. கேட்கத் தெரிந்தவர் அனைவர்க்கும் குழுவில் இடமுண்டு. குரல் உடைந்த பிள்ளைகளைப் பெற்றோர் அடுத்த பயிற்சிக்கு அழைத்து வருமாறு வேண்டி அமைகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க இசை!