காதால் பறவை நோக்குபவர்கள்



பறவை நோக்கல் என்றதும் கழுத்தில் தொங்கும் பைனாகுலரும் நீண்ட லென்ஸ் வைத்த கேமராவும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உருகுவே நாட்டின் ஹுவான் பாப்லோ குலாசோவுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவர் அவர். எழுநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்களைக் குரலை வைத்தே இன்னதென்று சொல்லிவிடுவார். ஒலிப்பதிவுக் கருவியோடு அண்டார்டிகா வரை போய் வந்திருக்கிறார். கொலம்பியாவின் மலைக்காட்டில் பார்வையற்றோர் நடந்து பறவைகளை அறிவதற்கான பாதையை வடிவமைத்ததிலும் அவர் பங்கு உண்டு.

அவருடைய காது அபூர்வமானதுதான். ஆனால் அவர் செய்யும் வேலை அபூர்வமானதல்ல. அடர்ந்த தோப்புக்குள் நுழைந்துவிட்டால், அனுபவமுள்ள பறவை ஆர்வலர்களும் முதலில் நம்புவது காதைத்தான்.

நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர்ப் பக்கம் இந்தக் கலைக்கு வாய்ப்பான இடம் ராஜவாய்க்கால் கரை. ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் அது. இருபுறமும் வாழை, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலின் அகத்தி நிழலிலிருந்து செம்போத்து அடித்தொண்டையில் ‘ஊப் ஊப் ஊப்’ என்று விடாமல் ஒலிக்கும். வரப்பில் ஆள் வந்தால் போதும், ஆட்காட்டி கத்தித் தீர்த்துவிடும். குயிலில் ஆணையும் பெண்ணையும்கூடக் காதே பிரித்துச் சொல்லும். சுதியை ஏற்றி ஏற்றிக் கூவுவது ஆண். ‘கிக் கிக் கிக்’ என்று படபடப்பது பெண். குக்குறுவானோ நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஒரே தாளத்தில் ‘டொங்க் டொங்க்’ என்று தட்டும். தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் குரல் இடம் மாறுவது போலிருக்கும். ஆலமரத்தில் கண் தெரிந்தவர்களே அதைத் தேடிக் களைத்துப்போவார்கள்.

அப்படியானால் பறவைக் குரல் கேட்கும் நடைக்குப் பார்வையற்றவர்கள் வர எது தடை? பாதையும் துணையும்தான். லாரிகள் ஓயாத தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி நடந்தால் எந்தக் குரலும் கேட்காது. உள்ளே தள்ளியிருக்கும் சமமான கரை வேண்டும். குழு சிறியதாக இருக்க வேண்டும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவரே துணைவரின் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்ள, துணைவர் அரையடி முன்னால் நடப்பதே சரியான முறை. ‘அதோ அங்கே’ என்று சொல்வதால் பயனில்லை. கடிகார முள்ளை வைத்து ‘இரண்டு மணித் திசையில், தென்னை உயரத்தில்’ என்றால் உடனே விளங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டுபவர் வாயை மூடியிருக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். இடைவிடாத விளக்கம் பறவையின் குரலை விழுங்கிவிடும்.

தொட்டறியவும் வழி உண்டு. காற்றில் விழுந்த தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும். புல்லிழைகளின் பின்னல், கீழ்நோக்கிய நுழைவுக் குழாய், முட்டை அறை, உள்ளே அப்பிய களிமண் என ஒவ்வொன்றையும் விரல் தானே கண்டுபிடிக்கும். எந்தப் படமும் இவ்வளவு சொல்லாது.

கைபேசியில் 2021 முதல் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்கிறது. 2005-இல் தொடங்கிய சீனோ-காண்டோ தளத்தில் உலகப் பறவைகளின் குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் பயிற்சி எடுக்க இவை அருமையானவை. தோட்டத்துக்குள் போய் அந்தப் பதிவை உரக்க ஒலிக்கவிடுவது மட்டும் கூடாது. எதிரி வந்துவிட்டதென்று எண்ணிக் கூடு காக்கும் பறவை தவித்துப்போகும். பங்கேற்பவர்களை மகிழ்விக்கும் அவசரத்தில் நல்லெண்ணக்காரர்களே இந்தத் தவற்றைச் செய்கிறார்கள்.

பார்வையற்றவர்களை இப்படி அழைத்துப்போவதை யாரும் தயவாக நினைக்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைத் தருகிறது. வெளிப்புற முகாம்களும் அதில் அடக்கம். சட்டம் வந்துவிட்டது, வாய்க்கால் கரைக்கு அழைத்துப்போகும் ஆட்கள்தான் இன்னும் போதவில்லை.

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று பட்டியல் எடுத்தால் போதும். குரல் மட்டும் கேட்ட பறவையும் அந்தப் பட்டியலில் சேரும். வரும் பொங்கலுக்கு உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வையற்றவர் யாரேனும் இருந்தால் உடன் வரக் கேளுங்கள். பறவைகளை அவர் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.