என் பெயர் அப்பாண்டைநாதன்
(திருவிழா அரங்கில் ஆற்றிய உரை)

 

என் பெயர் அப்பாண்டைநாதன். இவ்வவையில் இதைக் கேட்டு எவரும் வியக்கமாட்டீர்கள். உங்கள் உறவினருள்ளும் இப்பெயருடையார் இருப்பர். வெளியுலகில் இப்பெயரோடு நடப்பது எளிதன்று. பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் படிக்கும் ஆசிரியர் என் பெயர் வந்ததும் தயங்குவார், வகுப்பே நகைக்கும். 'அப்பா ஆண்டி' என்று பிரித்துக் கூவிய தோழர்களும் உண்டு. தரணேந்திரர்களும் விருஷபதாசர்களும் இவ்வனுபவத்தை அறிவீர்கள்.

பணியில் சேர்ந்ததும் 'நாதன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் என் தந்தையார் முன்னறிவிப்பின்றி அலுவலக வாயிலுக்கு வந்து, என் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டார். "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்றார் காவலர். நெடுநேரம் வெயிலில் நின்றுவிட்டு ஊர் திரும்பினார். பின்னர் நான் ஊருக்குச் சென்றபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "உன்னைத் தேடி வந்தேன் அப்பா, நீ அங்கே இல்லையாம்" என்று மட்டும் கூறினார்.

மறுநாள் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள திருநறுங்கொண்டைக்கு என்னை அழைத்துச் சென்றார். மலைமேல், பாறையில் வடிக்கப்பெற்ற பார்சுவநாதர் திருவுருவின் முன் நின்றோம். அப்பெருமானே அப்பாண்டைநாதர். "இங்கே கொணர்ந்துதான் உனக்குப் பெயரிட்டோம்" என்றார் தந்தையார். கமடன் மழையும் கல்லும் பொழிந்தபோதும் தியானம் கலையாதவர் அவர். அவர் பெயரைத் தாங்கிய நானோ சிறுவர்களின் சிரிப்புக்கே கலைந்துவிட்டேன்!

தத்துவார்த்த சூத்திரம் ஒரு பொருளை அறிய நாமம், ஸ்தாபனம், திரவியம், பாவம் என நான்கு நிக்ஷேபங்களைக் கூறுகிறது. குணத்தை நோக்காமல் இடும் பெயர் நாம நிக்ஷேபம். அந்நிலையிலேயே பொருந்தி நிற்பது பாவ நிக்ஷேபம். பெற்றோர் நமக்குத் தரக்கூடியது முதலாவது மட்டுமே. வீரன் என்று பெயரிட்டதால் எவனும் வீரனாகிவிடுவதில்லை. ஆயினும், பெயர் சுட்டும் பண்பை நோக்கி ஓரடியேனும் எடுத்துவைக்கலாமன்றோ?

பெயரைச் சுருக்கியவர்களைக் குறை கூற நான் இதைச் சொல்லவில்லை. நானும் அவர்களுள் ஒருவன். பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. குழந்தைக்குப் பெயரிடுவதோடு நில்லாதீர்கள். அப்பெயரின் வரலாற்றையும் சொல்லுங்கள். அப்பெயர் பிறந்த தலத்தைக் காட்டுங்கள். "இது என்ன பெயர்?" என்று உலகம் கேட்கும்போது அக்குழந்தையிடம் விடை இருக்க வேண்டும். எனக்குப் பத்து வயதில் அவ்விடை கிடைத்திருந்தால், என் தந்தையார் அன்று வெயிலில் நின்றிருக்கமாட்டார்.

இன்று என் அலுவலக மேசையில் முழுப்பெயர் பொறித்த பலகை இருக்கிறது. அதைக் காணத் தந்தையார் இல்லை. ஆனால் எவரேனும் அப்பெயருக்குப் பொருள் கேட்டால், இருக்கையில் அமரச்செய்து, அம்மலையின் கதையைச் சொல்லியே அனுப்புகிறேன்.