வாற சனிக்கிழமை எங்கை போவம்?

(எமது வானொலியின் ஞாயிறு காலை நிகழ்ச்சியில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் வரிக் கணக்கு, சுப்பர், சென்டர்லிங்க் என்று உங்களுக்கு அலுப்புத் தருகிறவன் நான். இன்றைக்கு அதற்கு ஒரு நாள் விடுமுறை. காரணம், போன மாதம் இந்த நிகழ்ச்சிக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

அழைத்தவர் ஒரு இளைஞர். 2012 இல் படகில் வந்தவர். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவோடு இழுபட்டு, 2023 இல் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகு அது கிடைத்து, மனைவியை ஊரிலிருந்து கூப்பிட்டவர். இப்போது முதல் பிள்ளைக்குக் காத்திருக்கிறார்கள். பகலில் ஒரு வேலை, இரவில் துப்புரவு வேலை. இரண்டு வேலைக்கும் வரி எப்படி என்று கேட்டார். முதல் 18,200 டொலருக்கு வரியில்லை என்ற சலுகையை ஒரு வேலையிடத்தில் மட்டும் கோருங்கள், இரண்டு இடத்திலும் கோரினால் வருட முடிவில் வரித் திணைக்களத்துக்குக் கடனாளியாவீர்கள் என்று சொன்னேன். நன்றி சொன்னவர், தொலைபேசியை வைக்கவில்லை.

“அண்ணை, இன்னொரு விசயம். மனுசி எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு கேக்கிறா. பிள்ளை வந்தால் பிறகு ஏலாதாம். நான் சனி ஞாயிறும் வேலை. காசும் வீண்தானே? நீங்கள் கணக்குத் தெரிஞ்ச ஆள், சொல்லுங்கோ.”

செய்தி நேரம் வந்துவிட்டது. “யோசிச்சுச் சொல்லுறன் தம்பி” என்று தப்பிவிட்டேன். இது அந்தத் தம்பிக்கான பதில். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000 ஆம் ஆண்டு. எங்களுக்குக் கலியாணமாகி ஆறு மாதம். வென்ட்வேர்த்வில்லில் ஒரு படுக்கையறை வீடு. மனைவி மூன்று மாதக் கர்ப்பிணி. நான் யாழ்ப்பாணத்தில் பி.கொம். முடித்து, 1994 இல் இங்கே வந்து அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, கிரான்வில்லில் ஆணி, நட்டு, போல்ற் மொத்தமாக விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு யூலை 1 ஆம் திகதிதான் இந்த நாட்டில் ஜி.எஸ்.ரி. வரி வந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு அது பிறந்த நாளிலிருந்தே இருக்கிற வரி. அன்று எங்களைப் போன்றவர்களுக்கு அது தலையில் விழுந்த இடி. ஒவ்வொரு பற்றுச்சீட்டும் மாறியது. வரியோடு சேர்த்து 110 டொலர் என்றால் அதில் வரி 10 டொலர். பதினொன்றால் பிரிக்க வேண்டும். மொத்தத்தில் பத்து வீதம் என்று 11 டொலர் போட்டவர்கள் எத்தனையோ பேர். பி.கொம். படித்த நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் போட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அதைச் சொல்ல வெட்கமில்லை.

அதனால் சனிக்கிழமைகளிலும் வேலை. முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றரைச் சம்பளம், அதற்குப் பிறகு இரட்டைச் சம்பளம். நான் இங்கே வந்து சேர்வதற்காகச் சுவிஸில் இருக்கும் அண்ணா வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. ஊரில் அப்பா அம்மா. சனிக்கிழமைக் காசு எனக்குக் கையில் வருமுன்பே செலவாகிவிட்ட காசு.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து றெயில் ஏறினேன். வென்ட்வேர்த்வில் பத்து நிமிடத் தூரம். கண்ணை மூடியது மட்டும் ஞாபகம். விழித்தபோது பென்றித். இறங்கித் திரும்பிப் போகும் றெயிலுக்காக மேடையில் நின்றேன். எதிரே மேற்கில் மலை நீல நிறமாக நிற்கிறது. ஆறு வருடம் இந்த நகரத்தில் இருந்தும் அந்த மலையை அன்றுதான் கண்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பேசுவாள் என்று நினைத்தேன். அவள், “அப்ப வாற சனிக்கிழமை ரெண்டு பேருமா வேணுமெண்டே நித்திரை கொள்ளுவம்” என்றாள்.

ஓகஸ்ற் மாதம் ஒரு சனிக்கிழமை லீவு கேட்டு கட்டூம்பாவுக்குப் போனோம். இடியப்பம், சம்பல், பிளாஸ்கில் தேத்தண்ணி. சேலைக்கு மேலே என்னுடைய ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். யூகலிப்டஸ் மரங்களின் எண்ணெய் ஆவி காற்றில் கலந்துதான் மலை நீலமாகத் தெரிகிறது என்றெல்லாம் வாசித்துவைத்துக்கொண்டு போனேன், அவளுக்குச் சொல்லிக் காட்ட. எக்கோ பொயின்ற்றில் போய் நின்றால் வெள்ளை மூட்டம். ‘மூன்று சகோதரிகள்’ என்ற அந்தப் பாறைகளில் ஒருத்தியைக்கூடக் காணவில்லை. அரை மணித்தியாலம் குளிரில் நின்றோம்.

“மூண்டு பேரும் ஓவர்ரைமுக்குப் போட்டினம் போலை” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பகிடி விடக்கூடிய ஆள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த மலைகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது அதே வருடம் நவம்பரில்தான். நாங்கள் அதற்கு முன்பே போய் ஒன்றும் காணாமல் வந்த ஆட்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் கேட்பாள்: “வாற சனிக்கிழமை எங்கை போவம்?” நான், “வாற சனி வேலை” என்பேன். செப்ரெம்பரில் ஒலிம்பிக் வந்தது. உலகமே சிட்னிக்கு வந்தது. நாங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 

ஒக்ரோபர் தொடக்கத்தில் மாமியாரின் கடிதம் வந்தது. அவர் அப்போது வன்னியில், மல்லாவியில் இடம்பெயர்ந்து இருந்தார். வவுனியா வழியாக ஒரு கடிதம் வந்து சேர ஆறேழு கிழமை எடுக்கும். மெல்லிய தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். மை ஊறி மறுபக்கம் தெரிந்தது. பெரிதாக்கிப் பிரதி எடுத்துத் தருகிறேன் என்று மனைவியிடம் வாங்கிக்கொண்டு ஒபிசுக்குப் போனேன். எடுத்தேன். அந்தப் பிரதிகள் மேசையில் இருந்த ஓடர் தாள்களோடு கலந்துவிட்டன.

பிறகு நடந்ததை ஊகிப்பீர்கள். மெல்பேர்னில் எங்களுக்குப் போல்ற் விற்கும் நிறுவனத்துக்கு, ஓடரோடு சேர்த்து, மாமியாரின் கடிதத்தையும் பக்ஸில் அனுப்பிவிட்டேன். பின்னேரம் அங்கிருந்து ஒரு பெண் அழைத்தாள். “முதல் பக்கம் விளங்குகிறது. மற்ற இரண்டு பக்கமும் எந்த அளவு போல்ற் என்று தெரியவில்லை” என்றாள்.

மனேஜர் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் இத்தாலிக்காரர், தகப்பன் காலத்தில் கப்பலில் வந்த குடும்பம். “என்ன எழுதியிருக்கிறது, வாசி” என்றார். ஒபிசில் நாலு பேர் சுற்றி நிற்க ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். பிள்ளை பிறந்ததும் சரக்குக் கறி வைத்துக் கொடுக்க வேண்டும், மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எவ்வளவு, எப்படி அரைப்பது. எல்லோரும் ரசித்தார்கள். அடுத்த வரி: “தம்பி, பிள்ளையைத் தனிய விடாதேங்கோ. அவள் இருட்டுக்கும் மழைக்கும் பயப்பிடுவாள். கேட்டால் சொல்லமாட்டாள்.”

வீட்டில் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்திருந்தேன். தாய்மார் எழுதுகிறதுதானே என்று தாண்டிப் போயிருந்தேன். இன்னொரு பாஷையில் நாலு பேர் முன்னால் சொன்னபோதுதான் அது என் காதில் விழுந்தது. மனேஜர் சிரிப்பை நிறுத்தினார். “அப்படியென்றால் நீ ஏன் சனிக்கிழமைகளில் இங்கே இருக்கிறாய்?” என்றார். எனக்கு மறுமொழி இல்லை.

ஆனாலும் உடனே திருந்தினேன் என்று நினைக்காதீர்கள். அந்த மாதக் கடைசியில் முதலாவது காலாண்டு வரிப் படிவம் நிரப்ப வேண்டும். வங்கிக் கணக்கும் என் புத்தகமும் ஒத்துவரவில்லை. 2,700 டொலர் வித்தியாசம். வியாழனும் வெள்ளியும் இரவு ஒன்பது மணி வரை தேடினேன், அகப்படவில்லை. சனிக்கிழமையும் வந்து தேடுகிறேன் என்றேன். மனேஜர் திறப்பைத் தரவில்லை.

ஒக்ரோபர் 28 ஆம் திகதி. எங்கள் பழைய கொரோலாவில் தெற்கே போனோம். ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேஸ்வரர் கோயிலில் கும்பிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, கடற்கரையோடு கையாமாவுக்கு. அங்கே பாறைத் துவாரத்தால் கடல்நீர் பீறி எழும் என்று பெயர். எங்கள் ராசி, அன்று கடல் அமைதி. ஒரு சொட்டும் எழும்பவில்லை. ஆனால் பக்கத்தில் பாறைக்குள் கடல்நீர் நிரம்பிய ஒரு குளிக்கும் குளம் இருந்தது. மனைவி அதைக் கண்டதும் நின்றுவிட்டாள். “கீரிமலைக் கேணி மாதிரி இல்லையே?” என்றாள். கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தோம்.

“திங்கட்கிழமையோடை அஞ்சு வருசம்” என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். எனக்கு அது சிட்னியில் பத்திரிகையில் வாசித்த செய்தி. அவள் அந்த மழைக்குள் நடந்தவள்.

செம்மணி வெளியில் சனம் அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தபோது, றோட்டோரம் ஒரு பெண்ணுக்குப் பிள்ளைவலி வந்துவிட்டது. நாலு பேர் ஒரு பெட்சீற்றை மூலைக்கு மூலை பிடித்தார்கள். ஒரு மூலை இவள் கையில். ரோச் அடிக்க பற்றி இல்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றி வர விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவர் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி உழக்கினார். டைனமோ வெளிச்சத்தில் ஒரு வயது போன அம்மா பார்த்தார். அவர் உழக்குவதை நிறுத்தினால் இருட்டு.

“பிள்ளை பிறந்ததே?” என்று கேட்டேன்.

“தெரியாது. மழைச் சத்தம்தான் கேட்டது. பின்னாலை வந்த சனம் தள்ளத் தள்ள, அம்மா என்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போட்டா. வேறை ஆரோ அந்த மூலையைப் பிடிச்சவை.”

பத்து மாதம் ஒரே வீட்டில் இருக்கிறோம். வாடகை, கரண்ட் காசு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் சதம் பிசகாமல் எனக்குத் தெரியும். இரவில் விளக்கை அணைக்க விடாமல் அவள் ஏன் முழித்திருக்கிறாள் என்பது தெரியாது. ஊர் ஞாபகமாக்கும் என்று விட்டிருந்தேன்.

ஞாயிறு நன்றாக நித்திரை கொண்டேன். திங்கள் காலை 2,700 ஐ ஒன்பதால் பிரித்தேன். சரியாகப் பிரிபட்டது. வித்தியாசம் ஒன்பதால் பிரிபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கப் பார் என்று பள்ளிக்கூடத்தில் வர்த்தக வாத்தியார் சொல்லித் தந்த பாடம். 6,910 டொலருக்கு எழுத வேண்டிய காசோலையை 9,610 க்கு எழுதியிருந்தேன். ஐந்து நிமிட வேலை.

அன்று பின்னேரம் மனேஜரிடம் சனிக்கிழமை வேலை இனி வேண்டாம் என்றேன். அதைவிடக் கஷ்டம் அண்ணாவுக்குச் சொல்வது. ரெலிபோன் காட் வாங்கி, மாசி மாதம் வரை குறைவாகத்தான் அனுப்ப முடியும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “டேய், மூத்தவன் பிறக்கேக்கை நான் றெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான். அண்ணி இண்டைக்கும் சொல்லிக் காட்டுவா. காசைப் பிறகு தா” என்றார்.

வெஸ்ற்மீட் ஆஸ்பத்திரியில் பிரசவ வகுப்புக்கு இரண்டு பேரும் போனோம். கொப்பியும் பேனையும் கொண்டுபோன ஒரே தகப்பன் நான்தான். ஒரு நாள் பிள்ளைப்பேற்று அறையைக் காட்டினார்கள். கேள்வி இருக்கிறதா என்று மருத்துவத் தாதி கேட்க, அதுவரை வாய் திறக்காத என் மனைவி, “கரண்ட் நிண்டால் என்ன செய்வீங்கள்?” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். இரண்டொருவர் சிரித்தார்கள். அந்தத் தாதி சிரிக்கவில்லை. சுவரில் இருந்த சிவப்பு நிற மின்சொருகிகளைக் காட்டி, இவை ஜெனரேற்றரோடு இணைத்தவை, நகரம் முழுக்க இருண்டாலும் இவற்றில் மின்சாரம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி, “நாலு எண்ணினனான்” என்றாள். அன்றிரவு விளக்கை அவளே அணைத்தாள்.

2001 பெப்ரவரியில் மகள் பிறந்தாள். சரக்குக் கறி நான் வைத்தேன். உறைப்புக் கூடிவிட்டது, அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். மாமியார் பேத்தியின் குரலைக் கேட்டது 2002 இல் ஏ9 பாதை திறந்து அவர் கொழும்புக்கு வந்த பிறகுதான்.

தம்பி, நீங்கள் கணக்குக் கேட்டீர்கள். அண்ணாவின் கடன் நான் எண்ணியதைவிட ஐந்து மாதம் பிந்தி முடிந்தது. மற்றப் பக்கத்தில் எழுதிக்கொள்ள என்னிடம் இருப்பது ஒரு மூட்டமும், தண்ணீர் எழும்பாத ஒரு துவாரமும்தான்.

கட்டூம்பாவுக்கும் கையாமாவுக்கும் இப்போது ஓப்பல் அட்டையிலேயே போகலாம். சனி ஞாயிறில் ஒரு நாளுக்கான உச்சக் கட்டணம் திங்கள் முதல் வியாழன் வரையான நாட்களைவிடக் குறைவு. சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். மலைக்குப் போவதென்றால் ஒரு ஜக்கற் கூட எடுங்கள். றெயிலில் அவ கதைத்தால் நித்திரை கொள்ளாதீர்கள்.